சண்டை போட ஆள் இருக்கிற கடை

வியாழக்கிழமை, மதியம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. இங்கே நான், மகள், உங்கள் தங்கை மூன்று பேரும் சுகம். நீங்களும் சுகம் என்றுதான் பதில் எழுதுவீர்கள், முதுகுவலியைப் பற்றி மூச்சுவிட மாட்டீர்கள். அதையும் சேர்த்து எழுதினால்தான் மற்றதை நம்புவேன்.

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். கப்பலுக்குப் போன் போட்டால் பாதி நேரம் காற்றுச் சத்தம், மீதி நேரம் நீங்கள் குறுக்கே பேசுவது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் நீங்கள் அடுத்து இறங்கும் துறைமுகத்தின் முகவர் அலுவலகத்துக்கே எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதி. வரைபட அலுவலகத்து ஆர்டர் நமக்கே வந்துவிட்டது. கட்டடங்களுக்குப் படம் போடுகிற அந்த நாலு மாடி அலுவலகம்தான். மொத்தம் இருபது கணினி. வருகிற திங்கள் இல்லை, அதற்கு அடுத்த திங்கள் காலை ஒன்பது மணிக்கு இருபதும் ஓட வேண்டும். அங்கே எல்லாவற்றையும் முடிவு செய்கிறவர் ஒரு மேடம். சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கிற முகம். அவர் வைத்த நிபந்தனையைக் கேளுங்கள். அந்தத் திங்கட்கிழமை ஒன்பதிலிருந்து ஆறு வரை எந்த மெஷினும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. நின்றால் இந்த இருபதோடு நம் உறவு முடிந்தது. நிற்காவிட்டால் அவர்களுடைய மூன்று கிளைகளின் கணினிகளையும் வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் வேலை நம் கடைக்கு.

அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். போன விடுமுறையில் நீங்கள் சொன்னதை நான் அப்படியே வைத்திருக்கிறேன். "மாசா மாசம் நிலையா ஒண்ணு வரட்டும், அன்னிக்கே கப்பலை விட்டு இறங்கிடறேன்" என்றீர்கள். அடுத்த மூச்சிலேயே, "ஆனா நான் இறங்கிட்டா கடைக்குப் பொருள் எங்கேர்ந்து வரும்? இங்க கிடைக்கறதெல்லாம் டூப்ளிகேட்" என்றும் சொன்னீர்கள். எட்டு வருடமாக இதே கதைதான். நீங்கள் துறைமுகம் துறைமுகமாக இறங்கி வாங்கி அனுப்புவது, நான் இங்கே பிரித்து மாட்டி விற்பது. உங்கள் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது, கம்பெனி இன்னும் ஒன்பது மாதத்துக்குப் படிவம் நீட்டியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இப்போது கெட்ட சேதி. இந்த ஆர்டர் கிடைக்கும் என்று நம்பி நீங்கள் முன்கூட்டியே அனுப்பிய இரண்டு பெட்டிகளில் ஒன்றுதான் கைக்கு வந்தது. மதர்போர்டும் ரேமும் இருக்கிற பெட்டியைக் கஸ்டம்ஸில் நிறுத்திவிட்டார்கள். மூன்று தடவை போய் வந்துவிட்டேன். நீங்கள் உள்ளே வைத்த பில்லை நாலு பேர் கைமாற்றிப் பார்த்தார்கள், அதில் ஒருவர் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். கையால் எழுதிய பில், அது எந்த மொழி என்று கூட அங்கே யாருக்கும் தெரியவில்லை. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "இது போர்டு வாங்கின பில்லா, மீன் வாங்கின பில்லான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி வரச் சொல்கிறார்கள். அதற்கு ஆள் கிடைத்தாலும் அந்தத் திங்கட்கிழமையைத் தாண்டிவிடும்.

வந்த பெட்டியின் கதை இன்னும் அழகு. இருபது பவர் சப்ளை. முதல் ஒன்றை எடுத்துப் பிளக்கில் சொருகினேன். டமார் என்று வெடித்துக் கடை முழுக்கப் புகை. சரி, ஒன்று கெட்டுப்போயிருக்கும் என்று அடுத்ததைச் சொருகினேன். அதுவும் டமார். உங்கள் தங்கை தையல் மிஷினை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தாள். அவள்தான் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, "அண்ணி, இந்தச் சிவப்பு சுவிட்சு எதுக்கு?" என்று கேட்டாள். எல்லாமே நூற்றுப் பதினைந்து வோல்ட்டில் இருந்தன. இங்கே சுவரில் வருவது இருநூற்று முப்பது. வெடிக்காமல் என்ன செய்யும்?

உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன், மறைப்பானேன். பிறகுதான் உறைத்தது. சுவிட்சின் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைத் தாள் இருபதிலும் ஓரமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. உங்கள் கேபினில் நூற்றுப் பத்து வோல்ட்தான் வரும் என்று முன்பு எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கெட்ட பொருள் எதுவும் வந்துவிடக் கூடாதென்று இருபதையும் அந்தப் புறாக்கூண்டு கேபினில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள். பார்த்து முடித்துச் சுவிட்சைத் திருப்பி வைக்க மறந்துவிட்டீர்கள். கப்பலுக்கே மின்சாரம் பார்க்கிறவர் செய்கிற வேலையா இது? வாடிக்கையாளர் எல்லாருக்கும் 'சுவிட்சைப் பாருங்க' என்று பாடம் எடுக்கிற நானும் பார்க்காமல்தானே சொருகினேன். யாரை யார் சொல்வது? அன்று மாலை கொஞ்சம் அழுதேன், அது புகையால் என்று உங்கள் தங்கையிடம் சொல்லிவைத்தேன்.

மீதிப் பதினெட்டும் நன்றாக இருக்கின்றன. பிராசசரும் டிஸ்கும் போன முறை நீங்கள் கொண்டுவந்தவை அலமாரியில் இருக்கின்றன. போர்டும் ரேமும் இல்லாமல் அவற்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பதினோரு நாள்தான் இருக்கிறது. ஆனாலும் ஏதாவது வழி செய்வேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்,
கடைக்காரி


புதன்கிழமை, மாலை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இதைப் படிக்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிடுங்கள். நான் பசைக்காரர் கடைக்குப் போனேன்.

கத்தாதீர்கள், பக்கத்துக் கேபின்காரர்கள் பயந்துவிடுவார்கள். அந்த ஆள் பழைய டிஸ்கைப் பெட்டியில் போட்டுப் பசை தடவி, புதுசு என்று உங்கள் தலையில் கட்டியதை நான் மறக்கவில்லை. பசைக்காரர் என்று நீங்கள் வைத்த பெயர்தான் இன்றைக்கும் நம் வீட்டில் ஓடுகிறது. 'அந்தக் கடை வாசப்படியை மிதிச்சா என்னை மறந்துடு' என்று நீங்கள் குதித்ததும் நினைவிருக்கிறது. ஆனால் உங்கள் பிராசசருக்குப் பொருந்துகிற போர்டு இந்த ஊரில் மொத்தமாக அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. நான் என்ன கடலில் குதித்து நீந்தி வந்து உங்களிடம் வாங்கவா?

சும்மா போகவில்லை. ஒரு பலகையில் பவர் சப்ளை ஒன்றையும் பிராசசர், டிஸ்கையும் கட்டி, மகளின் பழைய மானிட்டரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். உங்கள் தங்கை ஸ்க்ரூ டிரைவரோடு கூடவே வந்தாள். நேரே அவருடைய மேசையில் பலகையை இறக்கினேன். பெட்டியை இங்கேயே பிரிப்பேன், ஒவ்வொரு போர்டையும் இங்கேயே மாட்டி அரை மணி நேரம் ஓட்டிப் பார்ப்பேன், ஓடினால்தான் எடுத்துப்போவேன் என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "பொருள் வாங்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா?" என்று கேட்டார். இரண்டுக்கும்தான் என்றேன்.

இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். முதல் நாள் அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கடைக்கு வந்தவர்கள் எல்லாம் எங்களைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நாலாவது போர்டு உயிர் வரவில்லை. எடுத்து மேசையில் வைத்தேன். ஒன்பதாவதும் போயிற்று. அப்போதுதான் மனிதருக்குச் சுருக்கென்றது. போனை எடுத்து அவருக்குச் சரக்கு போடுகிற மொத்த வியாபாரியைப் பிடித்து அவர் திட்டின திட்டு இருக்கிறதே, நீங்கள் கேட்டிருந்தால் உங்கள் கோபமெல்லாம் ஆறியிருக்கும். இரண்டாம் நாள் அவரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ரேம்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

உங்கள் டிஸ்க் விஷயத்தையும் கேட்டுவிட்டேன். விடுவேனா? அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "எனக்கும் அப்படித்தாம்மா வந்துச்சு, நான் பிரிச்சுப் பார்க்கலை. தப்புதான். ஆனா உங்க வீட்டுக்காரர் கோவிச்சுக்கிட்டுப் போனவர் போனவர்தான். அதைத் தூக்கி என் மூஞ்சில எறிஞ்சிருந்தா அப்பவே மாத்திக் குடுத்திருப்பேனே."

நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். நான் அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையேதான் யோசித்தேன். அவர் கடையில் கெட்ட பொருள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், இருபத்து மூன்று போர்டில் மூன்று கெட்டது. ஆனால் அந்தக் கடையில் சண்டை போட ஒரு ஆள் இருக்கிறார். உங்கள் பெட்டியில் ஒன்று கெட்டிருந்தால் நான் யாரிடம் போய் மல்லுக்கு நிற்பது?

இருபது நல்ல போர்டும், உபரி இரண்டோடு நாற்பத்திரண்டு ரேமும் வீடு வந்து சேர்ந்தன. இனி மாட்டுகிற வேலைதான். மற்றதைத் திங்கட்கிழமை சொல்லும். கோபமாக இருந்தால் பதில் எழுதி அனுப்புங்கள், பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் சொல் கேட்காத மனைவி


செவ்வாய்க்கிழமை, காலை

அன்பானவரே,

ஜெயித்துவிட்டோம்!

சுகமா என்று கேட்பதற்கு முன் அதை எழுதிவிட வேண்டும் என்று விடிந்ததிலிருந்து கை பரபரக்கிறது. நான் சுகம், மகள் சுகம், உங்கள் தங்கைக்குக் கட்டைவிரலில் மட்டும் ஸ்க்ரூ திருகித் திருகிக் கொப்புளம். நேற்று மாலை ஆறு மணிக்கு இருபது திரையும் வெளிச்சமாக இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அந்த நாலு மாடியும் இறங்கி வந்தேன்.

விவரமாகச் சொல்கிறேன், கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமையே இருபதையும் கொண்டுபோய் மேசை மேசையாக வைத்துவிட்டோம். பதினெட்டில் உங்கள் பவர் சப்ளை, இரண்டில் இங்கே வாங்கியது. சிவப்பு சுவிட்சை நான் ஒரு தடவை, உங்கள் தங்கை ஒரு தடவை, கடைசியாக மகள் ஒரு தடவை என்று மூன்று முறை சரிபார்த்தோம். காலை ஒன்பது மணிக்கு இருபது பேரும் வந்து உட்கார்ந்தார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கின. மேடம் கையைக் கட்டிக்கொண்டு கதவருகே நின்றார். நான் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

மூன்று மணி பத்து நிமிடம் வரை ஒரு குறையும் இல்லை. 'பரவாயில்லையே' என்று மனதுக்குள் நினைத்தேன் பாருங்கள், ஜன்னலோரத்துப் பெண் கையைத் தூக்கினாள். மாடிப்படிக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தாள். திரை நீலமாகி நின்றுவிட்டது. நிறுத்திப் போட்டால் பீப் பீப் என்று கத்துகிறதே தவிர, எழுந்திருக்கவில்லை. சத்தத்தைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, ரேம் போய்விட்டது. அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து எடுத்ததுதான். சில பொருள் ஒரு நாள் முழுக்கச் சூடானால்தான் தன் குணத்தைக் காட்டும், உங்களுக்குத் தெரியாததா?

அதனால் என்ன, உபரியாக இரண்டு வைத்திருக்கிறோமே என்று பையில் கைவிட்டேன். இல்லை. காலையில் கிளம்புகிற அவசரத்தில் கடை மேசை மேலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நம் கடை ஊரின் அந்தக் கோடி. போய் எடுத்துத் திரும்பி வர ஒன்றரை மணி நேரம். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு வருடமும் இன்னும் ஒன்பது மாதமும் அந்த ஒரு சாண் நீளத் துண்டில் வந்து நிற்கிறதே என்று இருந்தது.

பசைக்காரர் கடை அங்கிருந்து பக்கம்தான், அவருக்குப் போன் போட்டேன். நான் அவசரத்தில் கொட்டியதில் அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. எந்த மாடி என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். பதினெட்டு நிமிடத்தில் மனிதர் வந்து நின்றார். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் நாலு மாடியும் ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. கடையைப் பாதியில் சாத்திவிட்டு, சட்டைப் பையில் ஐந்து ரேமைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வந்திருக்கிறார். ஒன்று கேட்டால் எதற்கு ஐந்து என்றேன். "ஒண்ணு மறுபடி மக்கர் பண்ணினா நீங்க என்னைத் திட்டறதுக்குள்ள அடுத்ததை எடுத்துக் குடுத்துடலாம்ல" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்திலேயே சிரித்துவிட்டேன்.

மூன்று முப்பத்தெட்டுக்கு ஜன்னலோரத்து மெஷின் எழுந்துகொண்டது. இருபத்தெட்டே நிமிடம். அந்தப் பெண்ணின் மாடிப்படியும் ஒரு படி குறையாமல் அப்படியே திரும்பி வந்தது. பசைக்காரர் அதோடு கிளம்பவில்லை, ஆறு மணி வரை என் முக்காலி பக்கத்திலேயே நின்றார். ஐந்தில் மீதி நாலு வேலைக்கு வரவேயில்லை.

ஆறு மணிக்கு மேடம் கூப்பிட்டார். ஒரு மெஷின் நின்றுவிட்டதற்கு மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மெஷின்னா கெடத்தாம்மா செய்யும். போன தடவை பெரிய கம்பெனிதான் போட்டுக் குடுத்துச்சு. ஒண்ணு கெட்டுது, வெளிநாட்லேர்ந்து பார்ட் வரணும்னு ஏழு வாரம் காக்க வெச்சாங்க. கெட்டா எவ்வளவு நேரத்துல வந்து நிக்கறீங்கன்னு பார்க்கத்தான் இந்த ஒரு நாளே வெச்சேன்" என்றார்.

மூன்று கிளையும் நமக்குத்தான். காகிதம் கைக்கு வந்துவிட்டது, முத்திரையோடு. படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய மொழியில்தான் இருக்கிறது, கவலைப்படாதீர்கள். உங்கள் தங்கை படிக்கட்டிலேயே என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். எதிரே வந்த காவலாளி ஒதுங்கி நின்று வழி விட்டார். பசைக்காரர் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது உங்களுக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பினார்: "அவரு ஊருக்கு வந்தா கடைப்பக்கம் வரச் சொல்லுங்க. திட்டறதுக்காவது வரட்டும்." அவரை இனிப் பசைக்காரர் என்று கூப்பிடக் கூடாதென்று மகள் சட்டம் போட்டிருக்கிறாள். வேறு பெயர் இன்னும் அமையவில்லை.

பில்லை மொழிபெயர்க்க ஒருவழியாக ஆள் கிடைத்து, கஸ்டம்ஸிலிருந்து உங்கள் பெட்டியும் இன்று காலை வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தேன். போர்டுகள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நீங்கள் துணியில் சுற்றி வைத்திருந்ததையும் பார்த்தேன். உங்கள் தேர்வைக் குறை சொன்னால் என் வாய் வெந்துபோகும். ஆனால் வரியும் அபராதமும் என் அலைச்சலும் சேர்ந்தால் அதன் விலை பசைக்காரர் விலையைத் தாண்டிவிடுகிறது. அதைக்கூட விடுங்கள். திங்கட்கிழமை மூன்று பத்துக்கு அந்தப் பெட்டி எங்கே இருந்தது?

ஆகவே இனிமேல் 'நான் இறங்கிட்டா பொருள் எங்கேர்ந்து வரும்' என்று என்னிடம் சொல்ல முடியாது. பொருள் இந்த ஊரிலேயே இருக்கிறது. அதைப் பிரித்துச் சோதிக்கத்தான் ஆள் போதவில்லை. இருபதையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கிற பொறுமை உங்களுக்கு இருக்கிறது, எனக்குக் கிடையாது. மூன்று கிளைக்கும் வயரிங் பார்க்க வேண்டும் என்று மேடம் வேறு கேட்டிருக்கிறார். என் வீட்டில் ஒருவர் இருக்கிறார், கப்பலுக்கே பார்த்தவர் என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். உங்களைக் கேட்காமல்தான் கொடுத்தேன்.

ஒன்று கேட்கிறேன். நமக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருடம். உருப்படியாக ஒரு சண்டை போட்டிருக்கிறோமா? விடுமுறைக்கு வருகிற நாற்பது நாளில் யாருக்குச் சண்டை போட மனம் வரும்? கோபம் வந்தால்கூட, போகட்டும், இன்னும் பன்னிரண்டு நாள்தானே இருக்கப்போகிறார் என்று விழுங்கிவிடுவேன். நீங்களும் அப்படித்தான் விழுங்குகிறீர்கள், எனக்குத் தெரியும். விழுங்கினது எல்லாம் அப்படியே இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டு, கத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மறுநாள் நீங்களோ நானோ முதலில் பேசி, அப்படி ஒரு சாதாரணச் சண்டை உங்களோடு போட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

இந்தக் கடிதம் கைக்கு வரும்போது அந்தப் படிவமும் மேசையில் இருக்கும். கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துறைமுகத்தில் இறங்கினால் கடை கடையாக ஏறாதீர்கள், எங்களுக்கு எதுவும் வாங்காதீர்கள். கடலும் காற்றும் உங்களுக்கு இரக்கம் காட்டட்டும். கை இரண்டையும் வீசிக்கொண்டு வெறுங்கையோடு வீடு வந்து சேருங்கள்.

வாசல் கதவைத் திறந்து வைத்திருக்கும்,
உங்கள் மனைவி